அனுமதியின்றி வந்த வெளிச்சம்

மின்சாரத்தைக் கண்டுபிடித்தவர்கள் பலர். நான்தான் முதலில், நீதான் முதலில் என்று அடித்துக்கொண்டவர்களும் பலர். ஆனால் அந்த முரட்டுச் சக்தியைப் பிடித்து, நீலநிறக் கோப்புக்குள் படுக்கவைத்து, நாடாவால் கட்டி, நான்கு கையெழுத்து இல்லாமல் வெளியே தலைகாட்டக் கூடாது என்று பழக்கிய பெருமை பெனின் நகரத்து மகாஜோதி மின் விநியோக நிறுவனத்துக்கு மட்டுமே உரியது. உலகம் இதை இன்னும் உணரவில்லை. உலகத்துக்கு எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் புத்தி வரும்.

இப்பேர்ப்பட்ட நிறுவனத்தில் பயிற்சிப் பொறியாளராகச் சேர, ஒரு திங்கட்கிழமை காலை, அதெசுவா இதெமூதியா வந்து நின்றாள். மின் பொறியியலில் முதல் வகுப்பு. ஐந்து வருடப் படிப்பை ஏழு வருடத்தில் முடித்திருந்தாள். அவள் மேல் தப்பில்லை, பாக்கி இரண்டு வருடம் பேராசிரியர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். அதன் பிறகு பட்டதாரிகள் எல்லோரும் செய்தாக வேண்டிய ஒரு வருட தேச சேவை. அரசாங்கம் அவளுடைய மின் அறிவைத் துல்லியமாக எடைபோட்டு, வடக்கே ஒரு பள்ளிக்கூடத்துக்கு மனையியல் பாடம் எடுக்க அனுப்பியது. டிரான்ஸ்ஃபார்மரின் குடலை அறிந்த கையால் அவள் நாற்பது பிள்ளைகளுக்குத் தலையணை உறை தைக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு ஊர் திரும்பினாள்.

அவளைப் படிக்கவைத்தது கானாங்கெளுத்தி மீன். ஓக்போசா பேட்டையில் அவள் அம்மா ஐஸ் மீன் கடை வைத்திருந்தாள். மூன்று ஃப்ரீசர், ஒரு கத்தி, கரண்டு போனால் உறுமுவதற்கு ஒரு சின்ன ஜெனரேட்டர், அவ்வளவுதான் மூலதனம். எங்கள் ஊரில் தலைப்பிள்ளை பிறந்த அன்றே தாயின் பெயர் காணாமல் போய்விடும். இருபத்தாறு வருடமாக அவள் ‘அதெசுவா அம்மா’. மகள் வேலைக்குச் சேர்ந்த அன்று பேட்டையே கூடி அவளை ‘இன்ஜினியரம்மா’ ஆக்கிவிட்டது. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆறு மாதத் தகுதிகாண் பருவம் முடிந்து வரப்போகும் பணி உறுதிக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்ட, ஃப்ரீசருக்கு மேலே சுவரில் அப்போதே ஓர் ஆணியும் அடித்துவிட்டாள். அந்தக் கடிதம் வரவில்லை என்றால் ஆறாம் மாதக் கடைசியில் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்பதை அதெசுவா அவளிடம் சொல்லவில்லை. ஆணி அடித்தவளிடம் அதையெல்லாம் சொல்லலாமா?

வட்டார மேலாளரின் பெயர் இன்ஜினியர் டாக்டர் சீஃப் நோசாக்காரே ஓகியே. முதல் மூன்றும் பட்டங்கள். பெயர் பின்னால்தான் வரும், நேரமிருந்தால். அலுவலகத்தில் எல்லோரும் அவரை ‘ஓகா’ என்றுதான் சொல்வார்கள், முதலாளிக்கெல்லாம் எங்கள் ஊரில் அதுதான் பெயர். முதல் நாளே அவர் அதெசுவாவை எதிரில் உட்காரவைத்து விசாரித்தார்.

“பல்கலைக்கழகத்துல என்ன சொல்லிக் குடுத்தாங்க?”

“கரண்டு எப்படி உற்பத்தியாகுது, எப்படி கொண்டு வர்றது, கோளாறு வந்தா எப்படிச் சரிபண்றதுன்னு, சார்.”

“அதையெல்லாம் மெதுவா மறந்துருங்க,” என்றார் ஓகா பரிவோடு. “அவசரமில்ல. ஆறு மாசம் இருக்கு.”

பிறகு ஒரு வெள்ளை ஹெல்மெட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார். வெளியூரிலிருந்து பெரிய மனிதர்கள் வரும்போது போட்டோவுக்கு அணிய வேண்டும், கம்பத்துக்குப் பக்கத்தில் மட்டும் போய்விடக் கூடாது, அழுக்காகிவிடும் என்று எச்சரித்தார். அவருடைய ஹெல்மெட் பதினெட்டு வருடமாகப் பளபளவென்று அலமாரியில் இருந்தது. அதெசுவா அதை மரியாதையோடு பார்த்தாள்.

ஐந்து மாதத்தில் அவள் அடைந்த முன்னேற்றத்தைச் சொல்லி மாளாது. கூட்டக் குறிப்பு எழுதுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆரம்பத்தில் ஒருமுறை ‘மின்தடைக்குக் காரணம்: வயர் அறுந்தது’ என்று எழுதிவிட்டாள். நிர்வாக அதிகாரி மேடம் கம்ஃபர்ட் அதைச் சிவப்பு மையால் அடித்து, ‘காரணம் ஆராயப்பட்டு வருகிறது’ என்று திருத்தி, பச்சைக் குழந்தைக்குச் சோறூட்டுகிற பொறுமையோடு விளக்கினாள். காரணத்தைச் சொல்லிவிட்டால் பிறகு எதற்காகக் கூடுவது? கூடாவிட்டால் ஏழாம் அம்சத்துக்கு எங்கே போவது? எங்கள் நாட்டில் எந்த நிகழ்ச்சி நிரலிலும் ஏழாம் அம்சம் என்றால் சாப்பாடு. முதல் ஆறும் இல்லாமல்கூட ஒரு கூட்டம் நடந்துவிடும், ஏழு இல்லாமல் நடந்ததாகச் சரித்திரம் இல்லை.

ஆறாம் மாதம் பிறந்தது. கடிதத்துக்கு இன்னும் மூன்றே வாரம். ஒரு திங்கட்கிழமை காலை, ஓக்போசா பேட்டை டிரான்ஸ்ஃபார்மரின் தலையில் ஓர் ஓணான் ஏறி, வெயில் காய்ந்து, எட்டக் கூடாத இரண்டு இடங்களை ஒரே நேரத்தில் எட்டிவிட்டது. ஒரு வெடிச் சத்தம். கம்பத்து உச்சியில் ஃபியூஸ் போயிற்று. ஓணானும் போயிற்று. பேட்டை முழுக்க இருண்டது.

செத்தது ஒரு ஓணான், போனது ஒரு ஃபியூஸ் என்று பாமரர்கள் நினைப்பார்கள். மகாஜோதி அப்படி மேம்போக்காக எதையும் அணுகாது. அன்று மதியமே ஒன்பது இன்ஜினியர்கள் கொண்ட ‘ஊர்வன ஊடுருவல் உண்மை அறியும் குழு’ அமைக்கப்பட்டது. அதெசுவா குறிப்பெடுத்தாள். முதல் அமர்வில், தலை சிவப்பாக இருப்பதால் மேற்படி ஓணான் ஆண் என்று ஏகமனதாக முடிவாயிற்று. இரண்டாம் அமர்வில், அது நிறுவன வளாகத்தில் வசித்த ஓணானா அல்லது வெளியாளா என்ற கேள்வி எழுந்து, காரசாரமாகி, மீன் வடையோடு ஒத்திவைக்கப்பட்டது. மூன்றாம் அமர்வில், சடலம் சாட்சிப் பொருள் என்பதால் இறுதி அறிக்கை வரும்வரை அதை டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து யாரும் அகற்றக் கூடாது என்று உத்தரவிடப்பட்டது. ஓணான் இருக்கும்வரை ஃபியூஸ் போட முடியாதே என்று அதெசுவா மெல்லச் சொன்னாள். குறிப்பெடுப்பவர் கருத்துச் சொல்வது மரபில்லை என்று மேடம் கம்ஃபர்ட் நினைவூட்டினாள்.

கடையில் அம்மாவின் ஜெனரேட்டர் காலையிலிருந்து மாலை வரை உறுமிக்கொண்டிருந்தது. ஏழாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பிரார்த்தனை முடிந்து வந்து இழுத்துவிட்டபோது அது ஒருமுறை இருமி, கறுப்புப் புகை கக்கி, அடங்கிவிட்டது. அம்மா அதைக் காலால் ஒரு உதை விட்டாள். அதற்கும் அது மசியவில்லை. திங்கட்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பிய மகளை வாசலில் மறித்தாள்.

“ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. ஒன் ஆபீஸ்ல யாருக்காச்சும் லைட்டு போடத் தெரியுமா?”

“எல்லாரும் இன்ஜினியருங்கதாம்மா.”

“அது தெரியும். லைட்டு போடத் தெரியுமான்னு கேட்டேன்.”

அந்தக் கேள்வி அதெசுவாவின் கூடவே அலுவலகம்வரை வந்தது. பத்து மணிக்கு ஐந்தாம் அமர்வு. ஓணானுக்கு வயது என்ன இருக்கும் என்று விவாதம் போய்க்கொண்டிருந்தது. அவள் பேனாவை வைத்துவிட்டு எழுந்து, பின்கட்டில் வண்டிக்குள் படுத்திருந்த லைன்மேன் ஒமொருயியிடம் போனாள். ஓக்போசா பேட்டைக்கு ஒரு ஃபியூஸ் கிடைக்குமா என்று கேட்டாள்.

“என் பையிலதான் இருக்கு மேடம்,” என்றான் அவன், எழுந்திருக்காமலே. “மொத நாள்லேருந்து இருக்கு. கையெழுத்துதான் இல்ல.”

“எத்தன கையெழுத்து?”

“நாலு. மூணு பேரு குழுவுல இருக்காங்க. நாலாவது ஆளு குழுவுக்குச் சோறு சொல்லப் போயிருக்காரு.”

மதிய உணவு இடைவேளையில் இருவரும் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். நீளமான கழியால் மூன்று ஃபியூஸையும் இறக்கி, எர்த் கம்பி மாட்டி, சாட்சிப் பொருளை வாலைப் பிடித்து அப்புறப்படுத்தி, போன ஃபியூஸை மாற்றி, கம்பியைக் கழற்றி, மறுபடி கழியைத் தூக்கி ஒவ்வொன்றாக ஏற்றியவள் அதெசுவாதான். ஏழு வருடம் படித்ததை முதன்முதலாகக் கையால் செய்தாள். மொத்தம் பதினோரு நிமிடம். ஓணானின் பாலினத்தை முடிவுசெய்ய ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது என்பதை இங்கே ஒப்பிடுவது முறையல்ல.

“அப் நேப்பா!” என்று பேட்டையே கூவியது. வெளிச்சம் வந்தால், எப்போதோ செத்துப்போன பழைய மின்வாரியத்தின் பெயரைச் சொல்லி வாழ்த்துவது எங்கள் வழக்கம். நன்றி மறவாத ஜனங்கள் நாங்கள். சலூனில் மெஷின் ஓடியது, பாதி மொட்டையோடு ஒரு வாரமாகத் தொப்பி போட்டுத் திரிந்தவர் ஓடி வந்து உட்கார்ந்தார். மிளகாய் அரைக்கும் யந்திரம் அலறியது, வெல்டிங் பட்டறையில் பொறி பறந்தது, பாஸ்டரின் ஒலிபெருக்கி ஏழு நாளாக அடக்கிவைத்த அல்லேலூயாவை மொத்தமாகக் கொட்டியது. ஏற்கனவே தேய்த்த சட்டையை இன்னொரு தரம் தேய்த்தவர்கள்கூட உண்டு, இருக்கும்போதே அனுபவித்துவிட வேண்டும் அல்லவா!

அம்மா கடையிலிருந்து வெளியே வந்தாள். யார் போட்டது என்று கேட்டாள். ஒமொருயி மோவாயால் அதெசுவாவைக் காட்டினான். மீன் கையோடு அப்படியே வந்து மகளைக் கட்டிக்கொண்டாள் அம்மா. வெள்ளை ஹெல்மெட்டில் செதில் ஒட்டியது.

“நீ படிச்சது என்னன்னு இன்னிக்கித்தான்டி எனக்குப் புரிஞ்சது,” என்றாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அதெசுவாவுக்கும்தான். வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை அவள். வெளிச்சம் வந்த தைரியத்தில் அம்மா அன்று சாயங்காலமே புதுச் சரக்கு இறக்கி மூன்று ஃப்ரீசரையும் விளிம்புவரை நிரப்பினாள்.

வேலியில் போன ஓணானை எடுத்துக் காதுக்குள் விட்டுக்கொண்டோம் என்பது அதெசுவாவுக்கு மறுநாள் காலை தெரிந்தது. மேஜைமேல் ஒரு விளக்கம் கோரும் ஆணை. ‘உரிய அனுமதியின்றி நுகர்வோருக்கு வெளிச்சம் வழங்கியதற்காகவும், சாட்சிப் பொருளின் வாலைப் பிடித்து இழுத்ததற்காகவும் உங்கள்மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கவும்.’

ஓகா திட்டவில்லை. அது இன்னும் மோசம். துக்க வீட்டில் பேசுகிற குரலில் பேசினார். சனிக்கிழமை மதியம் ஓக்போசா பேட்டையில் ‘மறு ஒளியேற்று விழா’ ஏற்பாடாகியிருந்தது. தலைமையகத்திலிருந்து ஓகாவுக்கெல்லாம் ஓகா, நிர்வாக இயக்குநர், நேரில் வந்து பொத்தானை அமுக்கப்போகிறார். பந்தலுக்குச் சொல்லியாயிற்று. ஊழியர் எல்லோருக்கும் ஒரே அச்சில் துணி எடுத்து, தையற்காரரும் வெட்டிவிட்டார். மாடு வந்து பின்கட்டில் நிற்கிறது.

“இப்ப அவரு வந்து எதப் போடுவாரு?” என்றார் ஓகா.

“ஏற்கனவே சரியாயிடுச்சுன்னு சொல்லிரலாமே, சார்.”

“எரியற விளக்க எரியவைக்க ஒரு மனுஷன் அவ்வளவு தூரம் வருவாரா? நீங்களே சொல்லுங்க.”

ஓகா இழுப்பறையைத் திறந்து, ஒரு காகிதத்தை எடுத்து, இந்தப் பக்கம் திருப்பிக் காட்டினார். அவளுடைய பணி உறுதிக் கடிதம். எல்லாம் அடித்திருந்தது, கையெழுத்துக்கு மட்டும் இடம் காலியாக இருந்தது. சனிக்கிழமை மேடையில் நிர்வாக இயக்குநர் கையால் வாங்கலாம் என்றார். அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை: நேற்று போட்ட அந்த ஃபியூஸைக் கழற்றிவிட வேண்டும். நான்கே நாள்.

“சார், அங்க எங்கம்மா கட இருக்கு. மீனு.”

“நாலு நாள்ல மீனு எங்க ஓடிரப் போகுது?”

கழற்ற ஆள் தேடினார்கள். ஒன்பது இன்ஜினியர்களுக்கும் ஆர்வம் இருந்தது, ஆனால் எந்தக் கம்பம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒமொருயியைக் கூப்பிட்டார்கள். வேலை போய்விடும் என்று சொல்லியும் அவன் அசையவில்லை.

“ரிப்பேருக்குன்னா கழட்டுவேன்,” என்றான். “விழாவுக்குக் கழட்டுறதெல்லாம் படிச்சவங்க வேல.”

படித்தவள் ஒருத்திதான் இருந்தாள். முடியாது என்று சொல்ல அவள் இரண்டு தரம் வாயைத் திறந்தாள். இரண்டு தரமும் அந்த ஆணி கண்முன் வந்தது. ஆறு மாதம் முடிந்து வெறுங்கையோடு பேட்டைக்குள் நடந்து போவதையும், ‘இன்ஜினியரம்மா’ என்று கூப்பிடுவதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஜனங்கள் நிறுத்திக்கொள்வதையும் நினைத்துப் பார்த்தாள். நான்கு நாள்தானே, மூடியைத் திறக்காமல் வைத்தால் ஐஸ் தாங்கும் என்று தனக்குத்தானே கணக்குச் சொல்லிக்கொண்டாள். உறைபனி உருகும் வேகத்தைக் கணக்கிடும் சூத்திரம் அவளுக்கு நன்றாகவே தெரியும். அதை மட்டும் அன்றைக்கு மறந்துவைத்தாள்.

மதியம் இரண்டு மணி. அவள் கழியைத் தூக்கி ஃபியூஸை இறக்கினாள். மிளகாய் யந்திரம் முனகி நின்றது. பாஸ்டர் வாக்கியத்தின் நடுவில் மௌனமானார். அம்மா கத்தியும் கையுமாக வாசலுக்கு வந்தாள்.

“என்னம்மா, மறுபடி ரிப்பேரா?”

“இல்லம்மா. விழா.”

“யாருக்கு?”

“வெளிச்சத்துக்கு.”

அம்மா கத்தியோடு திரும்பினாள். உள்ளே போய் மூன்று ஃப்ரீசர் மூடிகளையும் அழுத்தி மூடி, குளிர் தப்பாமல் இருக்கக் கோணிச் சாக்குகளைப் போர்த்தினாள். புதன்கிழமை தரை நனைந்தது. வியாழக்கிழமை பேட்டையின் மூக்குக்கு விஷயம் எட்டியது. கெடாத மீனை முடிந்தவரை தீமூட்டிப் புகையில் வாட்டிப் பார்த்தாள். மீதியை வெள்ளிக்கிழமை கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தாள். அன்று எபா என்னும் மரவள்ளிக் களிக்குத் தொட்டுக்கொள்ள வந்த எகுசி விதைக் குழம்பில் மீன் இல்லை. மீன்காரி வீட்டில் மீனில்லாக் குழம்பு.

சனிக்கிழமை விழா ஜோராக நடந்தது. பந்தல், மேளம், ஒரே அச்சுத் துணியில் நூறு பேர். மேடைமேல் ஒரு சிவப்புப் பொத்தான், அதைச் சுற்றி ரிப்பன், பக்கத்தில் ஒரு மின்விசிறி. பொத்தானிலிருந்து கிளம்பிய வயர் மேசைக்கு அடியில் போய் முடிந்துவிட்டது, அதற்கு மேல் அது எங்கும் போகவில்லை. கம்பத்தடியில், பந்தல் துணிக்குப் பின்னால், கழியோடு அதெசுவா ஒளிந்து நின்றாள். நிர்வாக இயக்குநர் இருளைப் பற்றி நாற்பது நிமிடம் பேசிவிட்டுப் பொத்தானை அமுக்கினார். மேடம் கம்ஃபர்ட் கைக்குட்டையை ஆட்டினாள். அதெசுவா ஃபியூஸை ஏற்றினாள். மின்விசிறி சுழன்றது. நட்ட நடு வெயிலில் ஒளி பிறந்தது.

ஐந்தாம் அம்சமாக அவளை மேடைக்கு அழைத்தார்கள். இன்ஜினியர் கையில் அழுக்கு இருக்கலாமா என்று ஓகா செல்லமாகக் கடிந்துகொண்டு, கையைக் கழுவிவரச் சொல்லி, பிறகு இயக்குநர் கையால் கடிதத்தைக் கொடுக்கவைத்தார். கையெழுத்து ஈரம் காயாமல் இருந்தது. கையோடு கூட்டக் குறிப்பேட்டையும் அவளிடம் நீட்டினார்கள், நிரந்தரமானாலும் குறிப்பெடுக்க வேண்டுமே.

ஆறாம் அம்சம், நன்றியுரை. ‘திருப்தியடைந்த நுகர்வோர்’ ஒருவர் பேசினால் நன்றாக இருக்கும் என்பது மேடம் கம்ஃபர்ட்டின் யோசனை. நம் இன்ஜினியரின் தாயாரைவிடப் பொருத்தமானவர் யார்? அம்மா படியேறி வந்தாள். பளிச்சென்று உடுத்தியிருந்தாள், பவழமாலைகூடப் போட்டிருந்தாள். புகை வாடை மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. பந்தலின் பின்பக்கம் ஜொலோஃப் சோற்று அண்டாவின் மூடியைத் திறந்துவிட்டார்கள். கூட்டத்தின் கழுத்து மொத்தமாக அந்தப் பக்கம் திரும்பியது.

அம்மா ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

“எனக்குப் பேசத் தெரியாது. மீனு விக்கத்தான் தெரியும், இப்ப அதுவும் இல்ல. எம்பொண்ண ஏழு வருஷம் படிக்க வெச்சேன். லைட்ட எப்படிப் போடறதுன்னு அங்க சொல்லிக் குடுத்தாங்க. திங்கக்கெழம அவ போட்டா, என் கண்ணால பாத்தேன். செவ்வாக்கெழம அதே கையால அணைச்சா. அதையும் பாத்தேன். பெத்த தாயி வயித்துல அடிக்கிறதுன்னா லேசுல வராது. அத ஆறே மாசத்துல கத்துக் குடுத்துட்டீங்க. நீங்க நல்லா இருக்கணும். அவ கடுதாசிக்குன்னு ஒரு ஆணி அடிச்சு வெச்சேன். அதுல டார்ச்சு மாட்டிட்டேன். இனிமே அதுதான் தேவப்படும்.”

‘நல்லா இருக்கணும்’ என்பது மட்டும் எல்லோர் காதிலும் விழுந்தது. நிர்வாக இயக்குநர் எழுந்து நின்று கைதட்டினார். ஓகா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆறு மாதத்தில் இப்படியொரு பயிற்சி வேறெங்கும் கிடைக்காது என்று இருவரும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டே அண்டாவை நோக்கி நடந்தார்கள். ஒமொருயி மட்டும் தட்டு எடுக்கவில்லை. வண்டியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

மேடையில் அதெசுவா தனியாக உட்கார்ந்திருந்தாள். மின்விசிறி கடிதத்தின் ஓரத்தைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அவள் பேனாவைத் திறந்தாள். மேடம் கம்ஃபர்ட்டின் சிவப்பு மைக்குப் பிறகு எழுதாத ஒன்றை, நடந்தது நடந்தபடி, அழகான கையெழுத்தில் எழுதினாள்:

‘அம்சம் ஆறு: தன் மகளுக்கு வெளிச்சத்தை அணைக்கக் கற்றுக்கொடுத்ததற்காக நுகர்வோர் ஒருவர் நிறுவனத்துக்கு நன்றி தெரிவித்தார். ஒருவரும் மறுக்கவில்லை. பலத்த கரவொலியுடன் ஏகமனதாக ஏற்கப்பட்டது.’